நான் பார்த்த மியூசிய உத்தியோகம்

ஒரு நிர்வாணப் பெண்ணுக்கு முன்னால் உட்கார்ந்து நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது, என் மகள் தன் வகுப்புப் பிள்ளைகள் இருபத்தைந்து பேருடன் அந்த அறைக்குள் வந்தாள்.

பெண் என்றால் படத்தில் இருந்த பெண். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. போன வாரம் நான் எழுதியதைப் படித்துவிட்டு என் மனைவியின் அக்கா தொலைபேசியில் அழைத்து, "உந்த மனுசன் வீட்டு விசயத்தை எல்லாம் ஏன் பேப்பரிலை போடுறார்?" என்று கேட்டாராம். அவருக்காக இந்த வாரம் இன்னும் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன்.

படம் எங்கள் வீட்டுச் சுவரைவிடப் பெரியது. அம்மணி ஒருத்தி ஒட்டுத் துணியில்லாமல் கட்டிலில் சாய்ந்திருப்பாள். அவளுக்கு எதிரே உட்கார ஒரு நீண்ட தோல் வாங்கு. வாங்கின் அடியிலிருந்து சூடு வரும். தை மாதக் குளிரில், முதல்நாள் இரவு சரியாகத் தூங்காத ஒரு மனிதன் அந்த வாங்கில் உட்கார்ந்தால் அம்மணியையா பார்ப்பான்?

என்னை எழுப்பியது சப்பாத்துச் சத்தம். மரத் தரையில் ஐம்பது சப்பாத்துகள். நனைந்த கம்பளிக் கோட்டுகளின் மணம். கண்ணைத் திறந்ததும் ஒரு மஞ்சள் மழைக்கோட்டுத் தெரிந்தது. அதை நான்தான் வாங்கிக் கொடுத்திருந்தேன்.

ஆரணிக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அந்த நேரத்தில் நான் வடக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரெஞ்சு உணவகத்தின் குசினியில் நின்று மீன் பொரித்துக்கொண்டிருக்க வேண்டும். வீட்டில் எல்லாரும் அப்படித்தான் நம்பியிருந்தார்கள். நாலு மாதமாக.

சோமாஜ்

பத்து வருடத்துக்கு மேல் அந்தக் குசினியில் வேலை செய்தேன். கோப்பை கழுவத் தொடங்கி, காய்கறி வெட்டி, கடைசியில் மீன் அடுப்பு முழுதும் என் பொறுப்பில் இருந்தது. ஒரு நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்து அழுதார். தனக்கு வயதாகிவிட்டது, இடத்தை விற்றுவிட்டேன் என்றார். வாங்கியவர் அங்கே மூக்குக்கண்ணாடிக் கடை போட்டார். மூக்குக்கண்ணாடியைப் பொரிக்க ஆள் தேவையில்லை. நான் சோமாஜுக்கு வந்தேன். வேலையில்லாமல் அரசாங்கம் தரும் பணத்தில் இருப்பதற்குப் பாரிஸில் எங்கள் ஆட்கள் சொல்லும் சொல் அது.

அன்றே வீட்டில் சொல்லத்தான் போனேன். கார்ஜ் என்ற புறநகரில் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தபோது என் மனைவி வதனி தொலைபேசியில் தன் அக்காவுடன் கதைத்துக்கொண்டிருந்தாள். அக்காவின் கணவருக்கு அந்த மாதம் வேலை போயிருந்தது.

"வேலையில்லாத ஆம்பிளை வீட்டுக்கை இருந்தா கதிரையும் தேயும், மனுசியும் தேயும் அக்கா," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "எங்கடை இவர் எண்டா பறவாயில்லை. ஒரு நாள் வீட்டிலை நிக்கமாட்டார்."

நாளைக்குச் சொல்லலாம் என்று சப்பாத்தைக் கழற்றினேன். அந்த நாளை வர நாலு மாதம் பிடித்தது.

மறுநாள் வழக்கமான ரயிலில் ஏறி நிலையத்தில் இறங்கினேன். எங்கே போவது? தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பக்கம் தலை காட்ட முடியாது. அங்கே ஒரு தமிழன் வேலை நேரத்தில் சும்மா நின்றால், அவன் வீடு போய்ச் சேருமுன் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். மூன்று நாள் ரயில் நிலையத்தில் உட்கார்ந்தேன். நாலாம் நாள் துவக்கு வைத்திருந்த காவலர்கள் என்னை இரண்டு தரம் சுற்றி வந்தார்கள். எழுந்து நடந்தேன். ஆற்றங்கரைக்கு வந்தபோது மழை பிடித்தது. எதிரே கண்ணாடிக் கூம்பு வைத்த பழைய அரண்மனை. உள்ளே ஓடினேன்.

நுழைவுச் சீட்டுக் கொடுக்கும் பெண் எனக்கு ஏதாவது சலுகை உண்டா என்று கேட்டாள். மாணவரா, ஆசிரியரா, அங்கவீனரா, சோமாஜா?

சட்டைப்பையில் சோமாஜ் கடிதம் இருந்தது. காட்டினேன். "உங்களுக்கு இலவசம், ஐயா," என்றாள்.

பதினைந்து வருடம் இந்த நாட்டில் இருந்திருக்கிறேன். வேலையில்லாதவன் ராசாவின் அரண்மனைக்குள் சும்மா போகலாம் என்று எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. பாவம், வேலை உள்ளவன் வரிசையில் நிற்கிறான்.

வாங்கு ஆராய்ச்சி

மியூசியங்களின் பெயர்களைச் சொல்லப் போவதில்லை. அங்கே நான் தூங்கியதைக் கண்டும் காணாமல் விட்ட சிலர் இன்னும் அங்கேயே வேலை பார்க்கிறார்கள்.

ஒரு வாரத்தில் நேர அட்டவணை போட்டுவிட்டேன். திங்களில் ஒன்று மூடும், செவ்வாயில் மற்றது மூடும். நகரசபை நடத்தும் மியூசியங்களில் கடிதமும் தேவையில்லை, யாரும் போகலாம். குழாய்களைக் குடல் போல வெளியே போட்டுக் கட்டிய ஒரு கட்டடத்தில் நவீன ஓவியங்கள் இருந்தன. அங்கே இரண்டு தரம்தான் போனேன். முதல் நாள் ஒரு கதிரையில் உட்காரப் போக, அது கலைப் படைப்பு என்று கத்தினார்கள். அடுத்த நாள் படைப்பு என்று நினைத்து ஒரு கதிரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அது காவலாளியின் கதிரை.

பழைய ஓவியங்கள்தான் எனக்குச் சரிவந்தன. சிரிக்கிறாளா இல்லையா என்று உலகமே மண்டையை உடைக்கும் அந்த அம்மணியையும் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வது பொய். இருநூறு கைத்தொலைபேசிகளைப் பார்த்தேன். சலித்துப்போய்த் திரும்பினால் அவளுக்கு எதிர்ச் சுவரில் ஒரு கலியாண வீடு. சுவர் முழுக்கச் சனம். பந்தியில் ஆட்கள் உட்கார்ந்தாயிற்று, வாத்தியக்காரர் வாசிக்கிறார்கள். ஆனால் மேலே ஒருவன் இன்னும் இறைச்சி வெட்டிக்கொண்டு நிற்கிறான்! பந்தி உட்கார்ந்த பிறகு இறைச்சி வெட்டுகிற குசினி என்ன குசினி? அந்தச் சமையற்காரனை நினைத்து எனக்கு வியர்த்தது. அவனுக்காக ஐந்தாறு தரம் போய்ப் பார்த்திருக்கிறேன்.

அதன் பிறகு சாப்பாட்டுப் படங்களைத் தேடிப் போனேன். பழம், சிப்பி, தலைகீழாகத் தொங்கும் முயல். ஒரு நாள் ஒரு மீன் படத்துக்கு முன்னால் நின்று என்னையறியாமல் வாய்விட்டுச் சொன்னேன்:

"உந்த மீன் பழசு. கண் உள்ளுக்குப் போட்டுது."

பின்னால் இருந்து ஒரு குரல் தமிழில் வந்தது. "எக்ஸாக்ட், முசியே. இருபத்திரண்டு வருஷமா இது பக்கத்துல நிக்கிறேன். எனக்கு மூக்கே போயிடுச்சு."

திரும்பினால் அறைக் காவலாளி. நீலக் கழுத்துப்பட்டி, நெஞ்சில் அட்டை. பெயர் லூர்துநாதன். பாண்டிச்சேரிக்காரர். ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

"நீங்கள் எல்லாப் படத்தையும் பாத்திருப்பியள் என்ன?" என்று கேட்டேன்.

"நான் எங்கங்க படத்தப் பாக்கறேன்? படத்தப் பாக்கறவங்களத்தான் பாக்கறேன். கை வைக்காதீங்க, ஃபிளாஷ் போடாதீங்க, டாய்லெட் அந்தப் பக்கம். இதான் என் ஆர்ட்." என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க சோமாஜா?"

"ஓம்."

"வீட்டுல தெரியுமா?"

நான் மீனைப் பார்த்தேன்.

"அப்ப தெரியாது," என்றார். "மேல பெரிய சால்ல, அதான் ஹால்ல, ஒரு பெஞ்சு இருக்கு. அடியில ஹீட்டர். மத்தியானம் எனக்கு அங்கதான் டியூட்டி. தூக்கம் வந்தா தூங்குங்க. மேலதிகாரி வந்தா நான் இருமறேன்."

அந்த மனிதர் இரண்டு மாதம் எனக்காக இருமினார். ஆரணியின் வகுப்பு வந்த அன்று அவருக்கு விடுமுறை.

வடை மணம்

வேலைக்குப் போகாதவனுக்கு வேலை அதிகம். அதில் பெரிய வேலை மணம்.

பத்து வருடமாக நான் எண்ணெய் மணத்தோடுதான் வீட்டுக்குப் போனவன். கோட்டு மணக்கும், தலைமயிர் மணக்கும். மியூசியத்தில் நாள் முழுக்க இருந்தவன் மேல் ஒரு மணமும் இராது. முதல் வாரமே வதனி, "என்ன, இண்டைக்கு மணக்கேல்லை?" என்று கேட்டாள். புது மின்விசிறி பூட்டியிருக்கிறார்கள் என்று சமாளித்தேன்.

பிறகு லா சப்பலில் கேதீஸ் அண்ணையிடம் போனேன். அவருக்கு அங்கே ஒரு சிற்றுண்டிக் கடை. பின்பக்கக் கதவால் நுழைந்து, "அண்ணை, இஞ்சை பத்து நிமிசம் சும்மா நிக்கட்டோ?" என்றேன்.

வடைச் சட்டிக்கு முன்னால் நின்றவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. "நிக்கிறதெண்டா வெங்காயத்தை வெட்டிக்கொண்டு நில்," என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் அந்தச் சட்டிக்குப் பக்கத்தில் வெங்காயம் வெட்டி, எண்ணெய்ப் புகையில் கோட்டைப் பிடித்து, மணத்தைப் பூசிக்கொண்டு ரயில் ஏறினேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இருபத்தைந்து பிள்ளைகள்

சரி, அந்த வாங்குக்குத் திரும்புவோம்.

எழுந்து ஓடலாம் என்று பார்த்தேன். அதற்குள் ஆசிரியை பிள்ளைகளைத் தரையில் உட்காரச் சொல்லிவிட்டார். என்னைச் சுற்றி முன்னும் பின்னும் பிள்ளைகள். ஒருவர் தலையையும் மிதிக்காமல் வெளியே போக வழியில்லை. ஆரணி ஓரமாக உட்கார்ந்து தன் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக் கட்டினாள். மறுபடி அவிழ்த்துக் கட்டினாள்.

"இந்தப் படத்தில் என்ன தெரிகிறது?" என்று ஆசிரியை கேட்டார்.

பிள்ளைகளுக்கு என்ன தெரிந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் சொல்லவில்லை. பின்வரிசையில் சிரிப்பு வெடித்தது. ஆசிரியை இளம்பெண், முகம் சிவந்து போனார். காப்பாற்ற ஆள் தேடி என் பக்கம் திரும்பினார்.

"ஐயா, நீங்கள் இந்தப் படத்துக்கு முன்னால் நெடுநேரம் இருந்திருக்கிறீர்கள். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?"

குறட்டையை அவர் தியானம் என்று நினைத்திருக்க வேண்டும். என்னுடையது குசினிப் பிரெஞ்சு. அதில் பாதி கெட்ட வார்த்தை. மீதியைப் பொறுக்கி எடுத்துச் சொன்னேன்.

"அவளுக்குக் குளிர்கிறது. கால் விரல்களைப் பாருங்கள், சிவந்திருக்கின்றன. வரைந்தவர் கோட்டுப் போட்டுக்கொண்டு வரைந்திருப்பார். இவளை நாள் முழுக்க இப்படியே படுத்திருக்கச் சொல்லியிருப்பார். இது கடினமான வேலை."

பிள்ளைகள் எல்லாரும் கால் விரல்களைப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றது. ஒரு சிறுமி, "உண்மைதான், சிவப்பு!" என்றாள். ஆசிரியை எனக்கு மூன்று தரம் நன்றி சொன்னார். எனக்கு உள்ளுக்குள் பெருமை பொங்கியது. ஆரணியைப் பார்த்தேன்.

வகுப்பு எழுந்து அடுத்த அறைக்குப் போகத் தொடங்கியது. அவளோடு போன தோழி என்னைக் காட்டி, "அவர் தமிழர் போல இருக்கிறார். உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"இல்லை," என்றாள் என் மகள்.

மஞ்சள் கோட்டு வாசலைத் தாண்டி மறைந்தது. நான் வாங்கில் உட்கார்ந்திருந்தேன். வேலை போன அன்று முதலாளி அழுதபோதுகூட எனக்குக் கண் கலங்கவில்லை. அன்று அந்த அம்மணிக்கு முன்னால், துடைக்கத் துணியில்லாமல், கழுத்துச் சால்வையில் முகத்தைத் துடைத்தேன்.

ஒரே வேலை

அன்று மாலை வடைச் சட்டிக்குப் போகவில்லை. நேரே வீட்டுக்குப் போனேன். ஆரணி தன் அறையில் படித்துக்கொண்டிருந்தாள். வதனி கீழே உடுப்புத் தோய்க்கப் போயிருந்தாள். கதவடியில் நின்று, "பிள்ளை," என்றேன்.

அவள் எப்போதும் போலப் பிரெஞ்சில்தான் பதில் சொன்னாள். "எவ்வளவு நாளாக?"

"கொஞ்ச நாள்."

"அப்பா."

"நாலு மாதம்."

புத்தகத்தை மூடினாள். "நீங்கள் எங்களுக்குச் சொல்லவில்லை. அதனால் நானும் சொல்லவில்லை. என் தோழி கேட்டதற்கு வேறு என்ன சொல்வது? என் அப்பா வேலையில் இருக்கிறார் என்று காலையில்தான் சொல்லியிருந்தேன்."

"அம்மாட்டைச் சொல்லப் போறியே?" என்று கேட்டேன்.

"நான் ஏன் சொல்ல வேண்டும்? அது உங்கள் வேலை." புத்தகத்தைத் திரும்பத் திறந்தாள். "இப்போது உங்களுக்கு இருக்கிற ஒரே வேலை."

பன்னிரண்டு வயது. நாக்கு அப்படியே தாயினுடையது.

வெண்டிக்காய்க்கு முன்னால்

சனிக்கிழமை லா சப்பலில் மரக்கறி வாங்கப் போவது எங்கள் வழக்கம். சனம் நிறைந்த கடைக்குள் நின்று சொன்னால் வதனி கத்தமாட்டாள் என்பது என் கணக்கு. அவள் வெண்டிக்காயின் நுனியை முறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வதனி, எனக்கு வேலை போட்டுது."

நுனி முறிந்தது. "எப்ப?"

"நாலு மாதம்."

அடுத்த நுனி. "நாலு மாதமும் விடிய வெளிக்கிட்டு எங்கை போனனீங்கள்?"

"மியூசேக்கு."

"எங்கை?"

"மியூசே. படம் பாக்க."

வெண்டிக்காயைக் கீழே வைத்தாள். "அப்ப வடை?"

"என்ன வடை?"

"நாலு மாதமா நீங்கள் வடை மணக்கிறியள். பிரெஞ்சுக்காரன்ரை குசினியிலை பெருஞ்சீரகம் போடுறவங்களே? ஆரோ ஒருத்தி உங்களுக்கு வடை சுட்டுத் தாறாள் எண்டு நான் நினைச்சன். அக்காட்டையும் சொல்லிப்போட்டன்!"

"சுட்டது கேதீஸ் அண்ணை," என்றேன்.

வதனி சிரித்தாள். கடைக்குள் சனம் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்தாள். கண்ணில் நீர் வந்தது. தப்பிவிட்டேன் என்று நானும் சிரிக்கத் தொடங்க, அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"அப்ப நீங்கள் நாலு மாதமா ஊர் பாத்திருக்கிறியள்."

"இல்லை, அது மழைக்கு..."

"நான் இஞ்சை வந்து பதின்மூண்டு வருசம். ரயில், வேலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, லா சப்பல். வேறை என்ன கண்டனான்? லண்டனிலை இருந்து ஆரும் வந்தா இரும்புக் கோபுரத்தடிக்குப் போவம். அதுவும் கீழை நிண்டு அவையளைப் போட்டோ எடுக்கத்தான்." வெண்டிக்காயைத் திரும்ப எடுத்துப் படபடவென்று முறித்தாள். "வேலை ஆருக்கும் போகும். அது பறவாயில்லை. ஒரு நாள், ஒரேயொரு நாள், நீரும் வாரும் எண்டு கேட்டனீங்களே?"

"அக்கா, வெண்டிக்காயை எல்லாம் முறிக்காதேங்கோ," என்று கடைக்காரர் அங்கிருந்து கத்தினார்.

முறித்த குவியல் முழுவதையும் அவள் வாங்கினாள். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் வெண்டிக்காய்.

மாதத்தின் முதல் ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு சோமாஜ் இல்லாதவர்களுக்கும் பல மியூசியங்கள் இலவசம். முன்னொரு காலத்தில் ரயில் நிலையமாக இருந்த ஒன்றுக்கு மூன்று பேரும் போனோம். வதனி கலியாண வீட்டுக்குக் கட்டும் நீலப் பட்டுச் சேலையைக் கட்டி, அதற்குமேல் குளிர்க் கோட்டுப் போட்டு, காலில் ஓட்டச் சப்பாத்து அணிந்திருந்தாள்.

நான் நாலு மாதம் தேர்ச்சி பெற்றவன் அல்லவா? உள்ளே போனதும் தொடங்கினேன். "இஞ்சை பாரும், இந்தப் படம்..."

"நீங்கள் கதைக்காதேங்கோ. நான் பாக்கிறன்."

பார்த்தாள். நடனமாடும் சிறுமிகளைப் பார்த்து, "பிள்ளையளுக்குச் சாப்பாடு காணாது," என்றாள். சட்டங்களின் விளிம்பையும் சிலைகளின் அடிப்பீடத்தையும் குனிந்து பார்த்தாள். கந்தோர் என்று நாங்கள் சொல்லும் அலுவலகத்தைக் கூட்டித் துடைப்பது அவள் தொழில். "ஆரோ வடிவாத் துடைச்சிருக்கினம்," என்று எனக்குச் சொன்னாள். வேறு எந்தப் படைப்பையும் அன்று அவள் அப்படிப் பாராட்டவில்லை.

மேல்மாடியில் சுவர் உயரத்துக்கு ஒரு கண்ணாடி மணிக்கூடு. வெளியே ஆற்றைப் பார்த்தபடி இருப்பது. நாங்கள் அதன் முதுகுப் பக்கம் நின்றோம். எண்களுக்கு நடுவால் ஆறும் அதற்கு அங்கால் தோட்டமும் கட்டடங்களும் தெரியும். அதன் முன்னால் நின்று படம் எடுக்க ஒரு நீண்ட வரிசை. எங்கள் முறை வந்தது. ஆரணி கைத்தொலைபேசியை நீட்டினாள். வதனி எங்களுக்கு முதுகைக் காட்டி, இரண்டு கைகளையும் கண்ணாடியில் ஊன்றி வெளியே பார்த்தாள்.

"திரும்புமப்பா, படம் எடுக்க," என்றேன்.

"இஞ்சை வாங்கோ," என்றாள். குரல் வேறாக இருந்தது. "அந்தா, தோட்டத்துக்கு அங்காலை. சாம்பல் கூரை. மேலையிருந்து ரெண்டாவது மாடி."

"என்ன அது?"

"என்ரை கந்தோர்."

நான் பார்த்தேன். வரிசையாக ஜன்னல்கள்.

"விடிய அந்த ஜன்னலைத் துடைக்கேக்கை இந்த மணிக்கூடு தெரியும். இதைப் பாத்துத்தான் நேரம் அறியிறனான். ஆறு வருசமா. உள்ளுக்கை என்ன இருக்கெண்டு ஒவ்வொரு நாளும் யோசிப்பன். ரயில் ஸ்டேசன் எண்டுதான் நினைச்சிருந்தனான்."

ஆறு வருடம். அவள் எந்த மெத்ரோவில் இறங்குவாள் என்பது எனக்குத் தெரியும். எந்தக் கட்டடம், எந்த மாடி என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. நாலு மாதமாக அந்தத் தோட்டத்தின் வழியாகத்தான் போய் வந்திருக்கிறேன். எத்தனையோ தரம் அந்தக் கட்டடத்தின் நிழலில் நின்று பாண் கடித்திருப்பேன். அவளுக்குப் பக்கத்தில் நின்று, அவள் விரல் காட்டிய ஜன்னலை எண்ணிக் கண்டுபிடித்தேன்.

பின்னால் வரிசை முணுமுணுத்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். கடைசியில் காவல் பெண் வந்து, மற்றவர்களும் காத்திருக்கிறார்கள், தயவுசெய்து நகருங்கள் என்றாள். நான் வழக்கம் போல "மன்னிக்கவும்" என்று தொடங்கி, வதனியின் முழங்கையைப் பிடிக்கப் போனேன்.

ஆரணி எனக்கும் காவல் பெண்ணுக்கும் நடுவில் வந்து நின்றாள். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, தெளிவான பிரெஞ்சில் சொன்னாள்:

"கொஞ்சம் பொறுங்கள். என் அம்மா இன்னும் பார்த்து முடிக்கவில்லை."